கருப்பு பனியனின் மூன்றாவது கட்சி

தமிழ்நாட்டில் கருப்புச் சட்டைக்கு இரண்டே கட்சிதான். ஒன்று பெரியார் தொண்டர்கள், இன்னொன்று மாலை போட்ட ஐயப்ப சாமிகள். 2007 மார்ச்சில் கருப்பு பனியனோடு கணியூரில் நான் பஸ் ஏறியபோது கார்த்திகையும் இல்லை, கழகக் கூட்டமும் இல்லை. "மலைக்குங்களா தம்பி?" என்று கேட்ட கண்டக்டர், நெஞ்சில் இருந்த மண்டையோட்டைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசாமல் உடுமலைக்கு டிக்கெட் கிழித்தார். அதற்கு முன்பே வீட்டு வாசலில் அம்மா சொல்லியிருந்தார்: "ஏங்கண்ணு, நல்ல சட்டையெல்லாம் உட்டுப்போட்டு எழவு வூட்டுக்குப் போறாப்பல போற?"

போனது பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு. மார்ச் 17, அயர்ன் மெய்டன் கச்சேரி. 1975-ல் லண்டனில் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு, இந்தியாவுக்கு வர 32 வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய பாட்டில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவர்களுடைய பேய், எட்டி. நான் வேலை பார்த்த திருப்பூர் பிரிண்டிங் பட்டறையில் எட்டியின் முகத்தைப் பனியன்களில் டேபிள் டேபிளாக அடித்திருக்கிறோம். கருப்புத் துணி கலரைக் குடித்துவிடும். அதனால் முதலில் வெள்ளை அடித்து, காயவிட்டு, அதன்மேல்தான் மற்ற கலர்கள். ஸ்கிரீன் ஒரு நூல் நகர்ந்தாலும் பேய்க்கு மாறுகண் வந்துவிடும். மாறுகண் பேய்கள் செகண்ட்ஸ் கட்டில் சேர்ந்து காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். அந்தப் படத்தை வரைந்தவர் டெரிக் ரிக்ஸ் என்றும், அதற்கு உரிமை என்று ஒன்று இருப்பதாகவும் எங்கள் பட்டறையில் யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

மைதானம் முழுக்கக் கருப்பு. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், கல்லூரி முடிக்காதவர்கள், வடகிழக்கிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். மெய்டனுக்கு முன்பு டெல்லியின் பரிக்ரமா வாசித்தது. லாரன் ஹாரிஸ் என்ற பெண்ணும் பாடினார். மெய்டனைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸின் மகள். வாரிசுக்கு வாய்ப்புத் தருவது கோடம்பாக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல். பிறகு மெய்டன் வந்தது, சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள், கத்தினார்கள். எனக்கு முன்னால் துள்ளியவனின் கழுத்து ரிப்பில் பிளாட்லாக் தையல் விட்டிருந்தது. பாதிக் கச்சேரிக்கு என் கண் அதைவிட்டு நகரவில்லை. செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவனின் கண் அப்படித்தான்.

கூட்டத்தின் நடுவே இடம் விட்டு வட்டமாக ஓடினார்களே, அதற்கு மட்டும் யாரும் எனக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. மாரியம்மன் நோன்பில் கம்பம் நட்டு, அடி ஏற ஏற வட்டம் கட்டி ஆடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இங்கே நடுவில் கம்பம் இல்லை, அவ்வளவுதான். விழுந்தவனை நான்கு கைகள் தூக்கிவிட்டதும் ஊர் வழக்கமே.

இந்த இசை பிறந்த கதை பின்னால்தான் தெரிந்தது. பர்மிங்காமில் 17 வயதுப் பையன் டோனி அயோமி. தகரத் தொழிற்சாலையில் அவனுக்கு அன்று கடைசி நாள். இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. இடதுகைக்காரன், ஆகவே தந்தியை அழுத்தும் விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று பின்னாளில் தந்திகளையும் தளர்த்தினான், ஓசை கனத்தது. அவனுடைய குழுவான பிளாக் சாபத்தின் முதல் இசைத்தட்டு 1970-ல் வந்தது. இரும்பு வலைக் கையுறை போடாமல் கட்டிங் மிஷினுக்கு விரல் கொடுத்தவர்கள் திருப்பூரிலும் உண்டு. அவர்களில் யாரும் கிடார் வாங்கியதாகத் தகவல் இல்லை. வாட்ச்மேன் வேலைக்கு மாறினார்கள்.

இப்போது அக்கா மகள் என்னைக் கூட்டிப்போகிறாள். 2012-லிருந்து நடக்கும் பெங்களூர் ஓப்பன் ஏர் விழாவுக்கு. முதல் வருடம் ஜெர்மனியின் கிரியேட்டர் குழு வாசித்த விழா. அதற்கு உறவான வாக்கன் விழா நடப்பதும் ஜெர்மனியில்தான். சுமார் இரண்டாயிரம் பேர் வசிக்கும், மாடு மேயும் கிராமம் வாக்கன். கணியூரைவிடச் சின்ன ஊருக்கு வருடா வருடம் எண்பதாயிரம் பேர் சேறு மிதிக்க வருகிறார்கள். அக்கா மகளுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், குழு உடைந்த வருடம், டிரம்மர் மாறிய வருடம் எல்லாம் அத்துப்படி. அன்று பாட்டே தெரியாமல் துள்ளியவன் நான். இப்போது கையில் பட்டை, போனில் டிக்கெட், காதில் அடைப்பான். 2007-ல் தலைமுடியைச் சுழற்றியவர்களுக்குச் சுழற்ற முடி இல்லை. மூட்டுவலிக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து வீட்டுக்கடன் வட்டி பேசுகிறார்கள். கலகக்காரர்களின் இசை என்று சொன்ன இடத்தில் வரிசை ஒழுங்காக நிற்கிறது.

அவள் கடல் தாண்டி வரவழைத்த 'ஒரிஜினல்' பனியனின் விலைக்கு அன்று காதர்பேட்டையில் ஒரு கட்டே எடுக்கலாம். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். 180 ஜிஎஸ்எம் துணி, ஷோல்டர் டேப் நேர்த்தி, லேபிளில் 'மேட் இன் இந்தியா'. எந்த ஊர் என்று லேபிள் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தேவையில்லை. போன வருடக் காணொளியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சத்தம் பரவால்ல. நம்ம ஜமாப்பு மேளத்துக்கு உறைக்காணாது."

முதல் தடவை போகிறவர்கள் காதுக்கு அடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள், நூல் மில்லில் கொடுப்பதே போதும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பனியனைக் காதர்பேட்டையிலேயே எடுங்கள், ஆனால் பிரிண்டை நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.