உள்ளுணர்வுக்கு உத்தரவாதம் உண்டா?

கேள்வி: முக்கியமான முடிவுகளில் உள்ளுணர்வை நம்பலாமா, அல்லது அது ஆசையின் மாறுவேடம்தானா?

பதில்: இரண்டும் ஒரே குரலில் பேசுவதுதான் சிக்கல். காரணம் இன்னதென்று சொல்ல இயலாத நிலையிலேயே மனத்தில் எழும் தீர்ப்பாகிய உள்ளுணர்வை, 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், முன்பு பழகியவற்றை அடையாளம் கண்டுகொள்ளும் ஆற்றலாகவே விளக்கினார். அவரும் வில்லியம் சேஸும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த சதுரங்க நிலையை ஐந்து விநாடிகள் மட்டுமே பார்த்த தேர்ந்த ஆட்டக்காரர், புதியவரைவிட மிகுதியான காய்களைச் சரியான கட்டங்களில் வைத்தார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோதோ, அந்த மேதைமை விடுப்பில் சென்றுவிட்டது.

உள்ளுணர்வை ஐயுற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் அதைப் போற்றிய உளவியலாளர் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், அறிஞர்களிடையே அரிதாக, உடன்பாட்டில் முடிந்தனர்: உள்ளுணர்வை நம்புவதற்குச் சூழலில் ஒழுங்கு இருக்கவேண்டும், அதைக் கற்கும் அளவுக்கு நீண்ட பயிற்சியும், பின்னூட்டமும், அதாவது தீர்ப்பு சரியா தவறா என்று விளைவே தெரிவிக்கும் வாய்ப்பும், அமையவேண்டும். ஒருவருடைய மன உறுதி மட்டும் தீர்ப்பு சரி என்பதற்குச் சான்றாகாது. பங்குச்சந்தையில் பணம் இழந்தவர்களிடமும் அது குறைவின்றி இருந்திருக்கும். தீயணைப்பு அதிகாரிக்கு இந்நிபந்தனைகள் பெரும்பாலும் பொருந்துகின்றன. வரன் பார்ப்பதிலோ, திறன் வளரும் அளவுக்குப் பயிற்சி பெறக் குடும்பத்தார் அனுமதிப்பதில்லை என்பதால், நாலு இடத்தில் விசாரிப்பதே மேல்.