கடலில் பிளக் பாயின்ட் கிடையாது!

? கயாக் பயணத்துக்காகக் கையடக்க வி.ஹெச்.எஃப் ரேடியோ வாங்கினேன். பேட்டரி 11 மணி நேரம் வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குள் படுத்துவிட்டதே, பொய் சொல்கிறார்களா?
– வான்கூவர் வாசகர்

பொய் இல்லை, கணக்கு. நேரத்தில் 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பது, மீதி 90 சதவீதம் சும்மா காத்திருப்பது என்று வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். அதாவது மணிக்கு 3 நிமிடம் பேசலாம். நம்மவர்களுக்கு "ஹலோ, கேக்குதா?" என்று விசாரிக்கவே அது காணாது. போதாக்குறைக்கு வானிலைச் சேனலை எஃப்.எம். பாட்டு மாதிரி நாள் முழுக்க ஓடவிட்டால் பேட்டரி என்ன செய்யும்? காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கேளுங்கள். மற்ற நேரம் அவசர அழைப்புச் சேனலான 16-லேயே இருங்கள்.

? 5 வாட் ரேடியோவுக்குக் காசு கொடுத்துவிட்டு 1 வாட்டில் பேசச் சொல்கிறார்களே?
– விக்டோரியா வாசகி

பக்கத்துப் படகில் இருப்பவரிடம் "டீ குடிக்கலாமா?" என்று கேட்க 1 வாட்டே அதிகம். 5 வாட் வைத்தால் ஐந்து மடங்கு தூரம் போகும் என்பதும் இல்லை. வி.ஹெச்.எஃப் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போவது. கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் ஆண்டெனாவோ தண்ணீருக்கு மேலே சுமார் ஒரு மீட்டர்தான்; எத்தனை வாட் வைத்தாலும் அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது. ஆனால் ஆபத்து என்றால் யோசிக்காமல் 5 வாட்டுக்கு மாற்றுங்கள். அந்த ஒரு அழைப்புக்காகத்தான் இத்தனை கஞ்சத்தனமும்.

? 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க், 2,000 எம்.ஏ.ஹெச். ரேடியோ பேட்டரி. ஐந்து தடவை சார்ஜ் ஏறும்தானே?
– டொரண்டோ வாசகர்

வகுத்தல் சரி, வோல்ட்டை விட்டுவிட்டீர்கள். பவர் பேங்கின் கணக்கு 3.7 வோல்ட்டில், ஆக 37 வாட்-மணி. ரேடியோ பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட், 14.8 வாட்-மணி. மாற்றும்போது சூடாகிப் போவதையும் கழித்தால் இரண்டு தடவை ஏறும். மூன்றாவதை எதிர்பார்க்காதீர்கள்.

? புரோக்கன் குரூப் தீவுகளுக்கு ஒரு வாரம் போகிறோம். கயாக்கின் மேல் சோலார் தகடு கட்டலாமா?
– நனைமோ வாசகர்

அந்தத் தீவுகள் இருக்கும் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் ஆகஸ்ட் மூடுபனி பிரசித்தம். தகட்டில் எழுதியிருக்கும் வாட் எல்லாம் நேர் வெயிலுக்கு. பனியில் அதில் சொற்பம்தான் தேறும். கொண்டுபோவதானால் கரையில் விரித்துப் பவர் பேங்கில் ஏற்றுங்கள். ராத்திரி கூடாரத்துக்குள் அதிலிருந்து ரேடியோவுக்கு. இதைவிட நம்பகமானது, வீட்டிலேயே முழுசாக ஏற்றிய இன்னொரு பேட்டரி.

? ரேடியோ ஐ.பி.எக்ஸ்.7. ஈரத்தோடேயே சார்ஜரில் செருகலாமா?
– சியாட்டில் வாசகர்

ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி தாங்கும் என்பதுதான் அந்த முத்திரை. சார்ஜ் துளையின் மூடியைத் திறந்ததும் அதன் உத்தரவாதம் முடிந்தது. பேட்டரியின் பின்புறம் பாருங்கள்: சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளின் ஓரத்தில் பச்சையாகப் பொருக்குத் தட்டியிருந்தால், உப்பு ஈரத்தின் மேல் மின்சாரம் ஓடியிருக்கிறது. மூடி இறுக்கமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்த பிறகு சார்ஜ் போடுங்கள்.

? சாதாரண டிரிபிள்-ஏ பேட்டரி போடும் தட்டு போதாதா?
– டகோமா வாசகி

அவசரத்துக்கு அருமை. ஆனால் பல மாடல்களில் அந்தத் தட்டைப் போட்டதும் ரேடியோ குறைந்த வாட்டுக்கு இறங்கிவிடும். கையேட்டில் பார்த்துக்கொண்டு, ஈரம் புகாத பையில் வையுங்கள்.

? நாங்கள் நாலு பேர், நாலு ரேடியோ. எல்லாமே ஆனில் இருக்க வேண்டுமா?
– பெலிங்ஹாம் வாசகர்

சேர்ந்தே போவதானால் இரண்டு போதும்; மதியம் முறை மாற்றுங்கள். யாருடையது ஆன், யாருடையது ஆஃப் என்பதைக் கரையிலேயே பேசி முடிவு பண்ணுங்கள். நாலு பேரும் "அவன் ஆன் பண்ணியிருப்பான்" என்று இருந்தால், பேட்டரி மட்டும் பத்திரமாக வீடு வந்து சேரும்.