மொட்டைமாடி மிராசுதார்

நாலு பேர் கூடிய இடத்தில் விலைவாசியைப் பற்றிப் பேச்சு எழுந்து, கத்தரிக்காய் விற்கிற விலையில் இனிமேல் அதைப் படத்தில்தான் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொள்ளும் தறுவாயில், அதுவரை மூலையில் மௌனமாக உட்கார்ந்திருந்த இன்னொருவர் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்கள் கடையில் வாங்குவதே இல்லை" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று எவராவது கேட்கமாட்டார்களா என்ற ஏக்கத்துடன் சபையைச் சுற்றிப் பார்ப்பாரானால், அவரை மொட்டைமாடி மிராசுதார் என்று தயக்கமின்றி முடிவு கட்டிவிடலாம். யாரும் கேட்காவிட்டாலும் பாதகமில்லை. பதிலை அவர் சொல்லத்தான் போகிறார். அன்றைக்கு அவர் வீட்டில் வைத்த எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்குக் காய் தெருவில் வந்த தள்ளுவண்டியில் வாங்கப்பட்டது என்பது அவருடைய தர்மபத்தினி ஒருவருக்கே தெரிந்த ரகசியம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார்கள் தங்கள் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்லி மீசையைத் தடவிக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. சென்னைப் பட்டணத்தில் இன்று நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கு. நமது மிராசுதாருக்கோ பைக் கணக்கு. "கத்தரி இருபது பை, வெண்டை பத்துப் பை, சுரைக்குத் தனித் தொட்டி" என்று அவர் சொல்லும் தோரணையைக் கேட்டால், மேட்டூர் அணையைத் திறக்கும் விஷயத்தில் சர்க்கார் அவரைக் கலந்துகொண்டுதான் தேதி குறிக்கிறது என்று எண்ணத் தோன்றும். தென்னை நார்க் கழிவும், மண்புழு உரமும், மூட்டை இன்ன விலையென்று பேரம் பேசி வாங்கிய செம்மண்ணும் கலந்து அடைத்த அந்தப் பைகளை மூன்று மாடி ஏற்றுவதற்கு ஆள் கூலி தனி. பேரன் மண்ணைக் காசு கொடுத்து வாங்கி மாடிக்குத் தூக்குகிறான் என்ற சமாசாரம், ஆயுள் முழுவதும் மண்ணிலேயே புரண்ட பாட்டனார் காதில் விழுந்திருந்தால், பையனுக்கு ஏதோ காற்றுச் சேஷ்டை என்று கோடாங்கியை அழைத்திருப்பார். செலவையெல்லாம் கூட்டி, காய்த்த காய்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் விபரீத காரியத்தில் மிராசுதார் ஒருபோதும் இறங்குவதில்லை. கணக்கில் கெட்டிக்காரனான அவருடைய புதல்வன் ஒருமுறை இறங்கினான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வகுத்தல் கணக்கே போடுவதில்லை.

இவ்வளவு பிரயாசைக்குப் பின் ஒரு நாள் விடியற்காலையில் முதல் கத்தரிப் பிஞ்சு தென்படுகிறது. இனி அதை அறுத்துக் குழம்பில் போடவேண்டியதுதானே என்று நினைப்பவர்கள் இந்த மனிதரின் இயல்பை அறியாதவர்கள். முதலாவதாக, அது இன்னும் கொஞ்சம் பருக்கவேண்டும். பருத்தபின், ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் மைத்துனர் அதைச் செடியிலேயே தரிசிக்கவேண்டும். மைத்துனர் வருகிறார், பார்க்கிறார், "பரவாயில்லையே" என்று ஒற்றைச் சொல்லில் விஷயத்தை முடித்துவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்கிவிடுகிறார். ஆகையால் சரியான ரசிகர் ஒருவர் வாய்க்கும் வரை அறுவடையை ஒத்திப்போட வேண்டியதாகிறது. இதற்குள் காயின் ஊதா நிறம் வெளிறி, தோல் மஞ்சளடித்து, உள்ளே விதை முற்றிவிடுகிறது. "அதை விதைக்கு விட்டிருக்கிறேன்" என்கிறார் அவர், ஆதி முதலே அதுதான் திட்டம் என்பதுபோல. இந்தப் பிரகாரம் அந்த வீட்டில் வருஷம் தவறாமல் விதை இருக்கிறது, நாற்று இருக்கிறது, ஆடிப்பட்டத்தில் நட்ட செடியும் இருக்கிறது; குழம்பில் போடுகிற காய் மட்டும் தள்ளுவண்டியில் வருகிறது.

சமையலறையில் அவர் செலுத்தும் ஆதிக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். அரிசி களைந்த கழுநீர் ஒரு சொட்டுக்கூட அங்கணத்தில் போகக்கூடாது. வெங்காயச் சருகும் வாழைப்பழத் தோலும் காபிச் சக்கையும் அவருடைய உரப்பானைக்கு என்று பட்டயம் எழுதாத குறைதான். மற்ற வீடுகளில் மோர் புளித்தால் மோர்க்குழம்பு வைப்பார்கள். இங்கே அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார்கள். தக்காளிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீடோ பூண்டைக்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விடும் ஆசாரமான சைவ வீடு. விளைவு, பக்கத்து வீட்டிலிருந்து காகிதப் பொட்டலத்தில் மடித்த முட்டை ஓடு, அந்தி மயங்கிய வேளையில், வேட்டி மடிப்புக்குள் ஒளிந்து கொல்லைப் படிக்கட்டு வழியாக மாடிக்குப் போகிறது.

பஞ்சகவ்யம் காய்ச்சுகிற—மன்னிக்கவேண்டும், ஊறப்போடுகிற—காலம் வந்துவிட்டால் அந்த அம்மாளுக்கு உறக்கம் கிடையாது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்ற ஐந்தோடு வெல்லமும் கனிந்த வாழைப்பழமும் இளநீரும் சேர்த்துப் பயிருக்கு ஏற்ற கரைசலாக்கி விவசாயிகளிடையே பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் போதும் என்பது கணக்கு. அந்த முறையில் குற்றம் ஒன்றும் இல்லை. நெய் என்ற ஒரு பதார்த்தம் அந்தப் பட்டியலில் இருப்பதுதான் குடும்பத்தின் துர்ப்பாக்கியம். "என்னங்க, ரசத்துக்கு ஒரு சொட்டு விட்டுக்கலாமான்னு பார்த்தா ஜாடி காலியா இருக்கே" என்று அம்மாள் கேட்கும்போது, மிராசுதார் வானத்தைப் பார்த்து மழைக் குறி சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் அம்மாள் சும்மா விடுகிற பேர்வழி அல்ல. சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் வடாம் பிழிவதற்கு மொட்டைமாடி வேண்டும் என்று அவர் கொடி தூக்குவார். அந்த மாடியிலே, அந்த மாதத்திலே, அக்னி நட்சத்திரத்துக்கு அஞ்சிய மிராசுதார் மூங்கிலை நட்டுப் பச்சை நிற நிழல்வலையைக் கட்டி வைத்திருப்பார். ஒருவருக்கு வெயில் வேண்டும், ஒருவருக்கு நிழல் வேண்டும், இருப்பதோ ஒரே மாடி. அம்மாள் விடியுமுன் எழுந்து கூழ் கிளறி, பழைய வேட்டியை விரித்து வரிசை வரிசையாகப் பிழிந்துவிட்டுக் கீழே இறங்குவதும், பத்து மணிக்கு வலையின் நிழல் மெல்ல நகர்ந்து வடாத்தின் பாதியை மூடுவதும், வலையின் ஒரு மூலை மர்மமான முறையில் அவிழ்ந்து போவதும், அன்று மாலை மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப்போடுவதும், மறுநாள் காலை வடாத்தின்மீது பூவாளித் தண்ணீர் எதேச்சையாகத் தெளித்திருப்பதும் வருஷந்தோறும் நடக்கிறவை. நான் பார்த்தவரையில் எந்த வருஷமும் வெற்றி அணில்களுக்குத்தான். அவை வடாத்தையும் தின்னும், தக்காளியையும் கொறிக்கும்.

இந்த வம்சத்தை நேற்று முளைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. சென்னையில் தோட்டக்கலைச் சங்கம் ஏற்பட்டது 1835-ஆம் வருஷம். இந்த வேக்காட்டிலே சீமைப் பூவையும் சீமைக் காயையும் வளர்த்துப் பார்க்கும் ஆசை அன்றைய துரைமாருக்கும் இருந்தது. துரைமார் மலைக்குப் போனபின் விவேகமாக நடந்துகொண்டார்கள்: மெக்ஐவர் என்ற தோட்ட நிபுணர் 1848-இல் உதகமண்டலத்தில் தாவரத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கி, குளிரில் வளர்வதைக் குளிரிலேயே வளர்த்தார். நமது மிராசுதாருக்கு அந்த விவேகம் வாய்க்கவில்லை. மே மாதத்து மலர்க் கண்காட்சிக்கு உதகைக்குப் போய்விட்டு, 7,000 அடி உயரத்தில் பனியில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு செடியைத் தொட்டியோடு விலைக்கு வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, கத்திரி வெயிலின் நட்டநடுவில் சென்னையில் இறக்குகிறார். அது மூன்றாம் நாள் கருகுகிறது. "வேருக்குக் காற்றோட்டம் போதவில்லை" என்று காரணம் சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு இரண்டாக வாங்கத் தீர்மானிக்கிறார்.

காருண்யம் மிகுந்தவர் என்பதை மறுக்க முடியாது. வண்ணத்துப்பூச்சி ஒன்று எலுமிச்சைச் செடியைச் சுற்றி வட்டமிட்டால் வீட்டாரையெல்லாம் கூவி அழைத்து, "பார்த்தீர்களா, இயற்கையின் சான்றிதழ்!" என்று கண்கலங்குவார். சான்றிதழ் வழங்கிய அந்தப் பூச்சி, கொழுந்துகளில் கடுகைவிடச் சிறிய முட்டைகளை ஒட்டிவிட்டுப் போயிருப்பதை அவர் கவனிப்பதில்லை. சில நாட்களில் இலையின்மேல் காக்கை எச்சம் போல, பழுப்பும் வெள்ளையுமாக, ஏதோ கிடக்கும். பறவைகளும் எச்சமென்றே எண்ணி விட்டுவிடும், அவரும் விட்டுவிடுவார். அது தோலுரித்துத் தோலுரித்து, இலைப் பச்சையிலே விரல் தடிமனுக்குப் புழுவாகி, செடியில் பாதியைத் தின்று தீர்த்தபிறகுதான் விஷயம் புரியும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைத்த செங்கொம்பு ஒன்றை நீட்டி, மூக்கைத் துளைக்கும் ஒரு நெடியையும் விடும். மிராசுதார் இரண்டடி பின்வாங்குவார். புழுவைக் கண்டால் துவேஷம், பூச்சியைக் கண்டால் பரவசம். இரண்டும் ஒரே ஆசாமி என்று அவரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அவரிடம் எதையும் எடுத்துச் சொல்லப் பொதுவாக இடமும் கிடைக்காது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரைக்கூட முதலில் மாடிக்கு அழைத்துப்போய், செம்பருத்தித் தண்டில் பஞ்சு ஒட்டினாற்போல் படர்ந்திருக்கும் மாவுப்பூச்சியைக் காட்டி, அங்கிருந்து பப்பாளி மாவுப்பூச்சிக்குத் தாவி, அது 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டியதையும், பப்பாளியோடு நிற்காமல் மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியதையும், மருந்துக்கு மசியாமற்போகவே 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவினும் சிறிய குளவிகளைத் தருவித்து ஏவிவிட்டதையும், அந்தக் குளவிகள் பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதன் வம்சத்தை அடக்கியதையும் விஸ்தாரமாகச் சொல்லி முடிப்பார். செய்தி அத்தனையும் சத்தியம், சுவாரசியமானதுங்கூட. பத்திரிகை கொண்டுவந்தவருக்கு இன்னும் பதினெட்டு வீடு பாக்கி இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

அணில், எலி, மாவுப்பூச்சி எல்லாவற்றையும் சமாளித்துவிடும் இந்த வீரர் ஒரே ஒரு சத்துருவின் முன்னால் மண்டியிட்டுவிடுகிறார். வாசல் மதிலோரம் அவர் வைத்திருக்கும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பவழமல்லியும் பிரம்ம முகூர்த்தத்தில் பூத்துக் குலுங்கும். அதே பிரம்ம முகூர்த்தத்தில், கையில் பிளாஸ்டிக் பையும் வளைந்த பிடியுள்ள குடையுமாக, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவார். குடைப்பிடி மதிலைத் தாண்டி வந்து கிளையை வளைக்கும்.

"யாருங்க அது?"

"சுவாமிக்குத்தான் சார்!"

அந்த ஒரு வார்த்தைக்குப் பின் எந்தச் சட்டம் செல்லும்? பறிப்பவர் குரலில் கூச்சம் இல்லை. அதட்டியவருக்குத்தான் அபசாரம் செய்துவிட்டோமோ என்று நெஞ்சு படபடக்கிறது. "கீழ்க்கிளையிலும் நிறைய இருக்கு, பறிச்சுக்குங்க" என்று உபசாரமாகச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறார். "புண்ணியத்தில் பாதி நமக்குத்தானே" என்று அவர் சமாதானம் சொல்ல, "அது இருக்கட்டுங்க, நம்ம வீட்டுச் சுவாமிக்கு ரெண்டு முழம் வாங்கிட்டு வாங்க" என்று அம்மாள் பையை நீட்டுகிறார்.

எப்போதாவது தெய்வம் கண் திறந்துவிடுவதும் உண்டு. அப்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. சுரைக்கொடி ஒன்று பந்தல் ஏறிக் காய்க்கத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதற்கு வழியில்லை. சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய் அடை, சுரைக்காய்த் துவையல், சுரைக்காய் அல்வா என்று வீட்டார் ஒரு மண்டலம் விரதம் காத்தபிறகு, மிச்சம் பரோபகாரமாகத் தெருவில் இறங்குகிறது. கையில் குழந்தையை ஏந்தினாற்போல் சுரைக்காயை ஏந்திக்கொண்டு அவர் வருவதைக் கண்டதும், அந்தத் தெருவில் பகல் வேளையிலும் கதவு தாழிடும் சத்தம் கேட்கும். பெற்றுக்கொண்டவர்களுக்கும் விமோசனம் இல்லை. மறுநாள் காலையில், "எப்படி இருந்தது? நார் இல்லையே? மருந்தே அடிக்காத காய்" என்று விசாரணை நடக்கும்.

அயலூர்க் கல்யாணத்துக்கு அவர் போவது அபூர்வம். சொந்தத் தங்கை மகள் கல்யாணம் என்றால் தவிர்க்க முடியாது. புறப்படுவதற்கு முந்தின இரவு, வீட்டுச் சாவியும், எந்தப் பைக்கு எத்தனை குவளை, எந்தச் செடிக்கு வேரில், எதற்கு இலையில் என்று நுணுக்கி எழுதிய நாலு பக்கத் தாளுமாக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். கல்யாண மண்டபத்திலிருந்து முகூர்த்த வேளையில் போன் செய்து, கெட்டிமேளச் சத்தத்துக்கு மேலே குரலெழுப்பி, "புதினாவுக்குத் தண்ணீர் விட்டாச்சா?" என்று கேட்பார். திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு செடியாவது வாடியிருக்கும். அது அவர் போவதற்கு முன்பே வாடியிருந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. பத்து வருஷத்துச் சிநேகம் ஒரு புதினாத் தொட்டியில் முடிந்துபோனதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகையால், இப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் அண்டையில் குடியிருந்தால், அவர் மாடிக்குக் கூப்பிடும்போது மறுக்காமல் ஏறிப் போங்கள், கத்தரிக்காயைச் செடியிலே பார்த்து வாயாரப் புகழுங்கள், சுரைக்காயையும் வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை நீட்டினால் மட்டும், நாங்களும் அன்றைக்கு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.