கோபுரம் இல்லாத மடாலயம்

பிரான்சில், பர்கண்டியின் ஃபோன்தனே மடாலயத் தேவாலயத்தில் கோபுரமும் இல்லை, சிற்பமும் இல்லையாமே! கட்டும்போதே காசு தீர்ந்துவிட்டதோ?

காசு தீர்ந்தவர்கள் ஓடை நீரைத் திருப்பி, சக்கரம் வைத்து, இரும்புப் பட்டறை கட்டுவார்களா? 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் துறவியர் கட்டிய பட்டறை இன்றும் அங்கே நிற்கிறது. 1147-இல் போப் மூன்றாம் யூஜீன் அர்ச்சித்த தேவாலயத்துக்குப் பணம் தந்தவரோ, இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆயராக இருந்த எவரார்ட். சரி, கைத்திறன்தான் போதவில்லையோ என்றால், நடுக்கூடத்தை முழுக்க மூடும் கூர்வளைவுக் கல்கூரையைப் பாருங்கள். அது பக்கவாட்டில் தள்ளும் பாரத்தை இருபுறக் கூடங்களின் குறுக்கு வளைவுகள் வாங்கிக்கொள்கின்றன. கற்றுக்குட்டிகளுக்கு வராத கணக்கு. சிற்பம் வேண்டாம் என்பது கொள்கை. 1118-இல் மடத்தை நிறுவிய புனித பெர்னார்டு, செதுக்கப்பட்ட விசித்திர விலங்குகள் படிக்க வேண்டிய துறவியின் கண்ணை இழுக்கின்றன என்று கடுமையாக எழுதியவர். கல்லில் மணிக்கோபுரம் கூடாதென்று அவருடைய சபை 1157-இல் விதியே செய்தது.

அதே பர்கண்டியில் 1088-இல் தொடங்கிய குளூனி மடாலயத்தின் பிரம்மாண்டத் தேவாலயத்தைப் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கல்லுக்காகவே இடித்து விற்றார்கள். ஃபோன்தனே காகித ஆலையாகித் தப்பியது.