இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்

கே: உங்களுக்குப் பிடித்த எண் எது? 108, 786 என்று தப்பிக்கக் கூடாது.

ப: 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. பகா எண். அண்ணன் தம்பி எத்தனை பேர் வந்தாலும் சரிபாதி, கால்பாகம் என்று பிரிக்க முடியாத சொத்து.

கே: பத்து இலக்கம் இருக்கிறதே, யாருடைய போன் நம்பர்?

ப: நம்மூர் செல்போன் எண் இரண்டில் தொடங்காது. ஏமாந்தீர்கள்.

கே: பகா எண்தான் என்று எந்தக் கம்ப்யூட்டர் சொன்னது?

ப: கணித மேதை ஆய்லர் சொன்னார், 1772-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். ஒரு கண் எப்போதோ போயிருந்தது. இன்னொன்றும் புரை விழுந்து ஏறக்குறைய இருட்டு. (எனக்கு மளிகைச் சீட்டைக் கூட்டவே கண்ணாடி வேண்டும்.) முரட்டு வழியென்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 4,800 வகுத்தல். ஆய்லர் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்: இதை வகுக்கும் எண் எதுவானாலும், அதை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். மூன்று, ஐந்து, ஏழெல்லாம் அங்கேயே திரும்பிப் போயின. உள்ளே வந்த முதல் ஆள் 311. வகுத்துப் பாருங்கள்: ஈவு 69,05,092, மீதி 35. இப்படி 84 பேர். ஒருவருக்கும் மீதியில்லாமல் போகவில்லை.

கே: இதைவிடப் பெரிய பகா எண் கிடையாதா?

ப: வெகுகாலம் வரை யாருக்கும் தெரியாது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்த எண்ணை வைத்து அமைத்த நிறைவெண்ணை (தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்) தாண்டி எவரும் போகப்போவதில்லை, வேடிக்கையே தவிர இதில் பயனில்லை என்று எழுதினார். என்ன வாய்முகூர்த்தமோ, 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சம் இலக்கம்!

கே: இதனால் எனக்கென்ன லாபம்?

ப: லாபம் தெரியாது, தொல்லை உண்டு. 32 பிட் கணக்கில் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போனால், மிச்சத்தில் அடங்கும் பெரிய எண் இதுதான். 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர் கணக்கு இதையும் தாண்டப்போகிறது என்று தெரிந்ததால், 2014-இல் யூடியூப் தன் கணக்குப் பெட்டியைப் பெரிதாக்கியது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இந்த 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு, 2038 ஜனவரி 19 நம்மூர் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் தீர்ந்துவிடும். திருத்தாமல் விட்டவற்றில் அடுத்த விநாடி 1901 டிசம்பர். அந்த ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை வேறு.