பதினாறு கிண்ண ரசம்

போன ஞாயிறு ரசம் வைத்தேன். சுமார்தான், அதை விடுங்கள். டிவி சமையல்காரர்களுக்கு இவ்வளவு புகழ் தகுமா என்று ஒரு கேள்வி ரொம்ப நாளாக உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்தக் கிண்ணங்கள்.

கடுகுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம். சீரகத்துக்கு ஒன்று. ஒரு சிட்டிகை பெருங்காயத்துக்குத் தனிக் கிண்ணம். செஃப் எடுக்கிறார், கவிழ்க்கிறார், கிண்ணம் காமெராவுக்கு வெளியே போகிறது. எங்கே போகிறது? அங்கே எப்படியோ, என் வீட்டில் ஸிங்க்குக்குத்தான் போகும். எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டால் டென்ஷனே இருக்காது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நம்பி நானும் அடுக்கினேன். கிண்ணம் ஏழுதான் தேறியது. மீதிக்கு ஊறுகாய்க் கரண்டித் தட்டு, சாமி அறைச் சந்தனக் கிண்ணம், பேரனின் டிபன் டப்பா மூடி என்று என்னென்னவோ. மொத்தம் பதினாறு. சீரகம் எதில், மிளகு எதில் என்று தேடுவதற்குள் கடுகு கருகிவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருக்குக் கல்யாணம்?"

பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு ஞாயிறு லீவு.

1951-ல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து வைத்திருந்தால் ஒரு ஈயச்சொம்போடு வேலை முடிந்திருக்கும். 1993-ல் சஞ்சீவ் கபூரின் 'கானா கஜானா' வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு கிண்ணம் கழுவிக் காட்டியதாக நினைவில்லை. 'குக் வித் கோமாளி'யில் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்தார்கள். நடுவரைத் தேய்க்கச் சொல்ல முடியாது, சரி. புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல் தாத்தாவைப் பார்த்தபோதுதான் மனசு ஆறியது. அம்மி, விறகு, அண்டா. கண்ணாடிச் சில்லறையே இல்லை. பிறகு உறைத்தது: அந்த அண்டாவை யார் தேய்ப்பது? 2021 ஜனவரியில் ராகுல் காந்தியே போய் வெங்காயத் தயிர்ப்பச்சடி கலக்கினார். அவர் தேய்த்ததாகவும் வீடியோவில் காணோம்.

தேய்ப்பதைக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்கிறான் மகன். நான் பார்ப்பேன். நார் போட்டா, ஸ்பாஞ்ச் போட்டா, பிசுக்குக்கு எலுமிச்சைத் தோலா, எல்லாம் பார்ப்பேன். குறிப்புகூட எடுப்பேன்.

புகழ் விஷயத்துக்கு வருகிறேன். டிபன் டப்பா மூடியில்தான் மஞ்சள்தூள் வைத்திருந்தேன். மூன்று தரம் தேய்த்தாயிற்று, மஞ்சள் போகவில்லை. சமையலறையிலிருந்து மருமகள் கூப்பிடுகிறாள்: "மாமா, ஒரு நிமிஷம் இங்க வர்றீங்களா?"