மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை. மரம் அறுக்கிற மிஷினில் எதை வாங்கலாம் என்று கடைசியில் கட்டாயம் சொல்கிறேன். அதுவரை கொஞ்சம் புலம்ப விடுங்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் ஒரு புளியமரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னை அத்தனையும் படுத்துவிட, இது மட்டும் நின்றது. அந்தப் பெருமையிலேயே இத்தனை வருஷம் இருந்துவிட்டு, போன மாதம் ஓர் இலைகூட அசையாத மத்தியானத்தில் மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்துகொண்டது.

கூலிக்கு ஆள் வைத்தால் அரை நாள் வேலை. நான் அப்படிச் செய்வேனா? நாற்பது ராத்திரி உட்கார்ந்து மிஷின்களை ஒப்பிட்டேன். ஸ்டில் 462 என்றால் 72.2 சிசி. ஹஸ்க்வர்னா 572 என்றால் 70.6. நடுவில் இருக்கும் 1.6 சிசியை நினைத்தே ஒரு வாரம் தூக்கம் போனது. ஹஸ்க்வர்னாக்காரர்கள் 1689-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கியவர்கள், ஸ்டில் 1926-இல் ஜெர்மனியில் பிறந்தது என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். மாடுகள் பக்கத்து வீட்டுத் திண்ணையோரம் நிற்கின்றன.

"நேர்ல வச்சுப் பாத்துருவோம் மச்சான்" என்றான் மைத்துனன். அவன் ஒரு மிஷின் கொண்டுவந்தான். சித்தப்பா மகன் இன்னொன்று. இரண்டும் ஆரஞ்சு நிறம். யாருடையது எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன்; நடந்ததில் மிஷின் மேல் தப்பே இல்லை.

கயிற்றில் கை வைக்கும் முன்பே பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். "மைலேஜ் எவ்வளவுப்பா குடுக்கும்?"

இந்தக் கேள்வியை என்ன செய்வது? மோட்டார் சைக்கிளுக்குக் கேட்டோம், சரி. காருக்குக் கேட்டோம். டிராக்டருக்கு, ஜெனரேட்டருக்கு, மருந்தடிக்கிற மிஷினுக்கு. என் மாமனார் கிரைண்டர் கடையில் கேட்டார்; கடைக்காரரும் ஒரு நொடி யோசித்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் வண்டிக்குக் கேட்டு, அந்தப் பதிலை வைத்தே சம்பந்தம் முடிவான வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஊர்வலத்துக்கு வந்த யானையின் பாகனிடம் ஒருவர், ஒரு கட்டு சோளத்தட்டைக்கு எவ்வளவு தூரம் நடக்கும் என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். வேறு வார்த்தையில் அதே கேள்விதான். மரம் அறுக்கிற மிஷின் செயினின் பல் அமைப்பே 1946-இல் ஒரிகானில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடையும் வண்டுப்புழுவைக் கவனித்ததில் வந்தது. அவர் நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் புழுவிடம் முதலில் மைலேஜ்தான் விசாரித்திருப்பார், உலகம் இன்னும் கைரம்பத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்.

நானும் பொறுமையாகத்தான் சொன்னேன். "இது நின்ன இடத்துல ஓடுறது, பெரியப்பா. லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப புகை தள்ளுமே. மைலேஜ் அடிவாங்குமே."

சோதனைக்கு வருகிறேன். ஒரே கட்டை, ஆளுக்கு மூன்று துண்டு, நேரம் பார்க்க என் செல்போன். மைத்துனனுடையது சீவலாகத் துப்பியது. நீளநீளமாக, தேங்காய்த் துருவல் மாதிரி. சித்தப்பா மகனுடையது மாவாகக் கொட்டியது. மாவு வந்தால் பல் மொன்னை என்று அர்த்தம். நாற்பது ராத்திரி சிசி பார்த்த எனக்கு அரத்தைப் பற்றி ஞாபகமே வரவில்லை. செயினைத் தீட்டாமல் மிஷினை ஒப்பிடுவது, பழைய பிளேடில் ஒரு கன்னமும் புதுப் பிளேடில் மறு கன்னமும் வழித்துவிட்டு முகத்தைக் குறை சொல்வது.

"அண்ணே, ஒரே செயினை ரெண்டுலயும் மாத்திப் போட்டுப் பாக்கலாம்ணே" என்றான் தம்பி. நியாயமான யோசனை. மைத்துனனின் கூரான செயின் பொருந்தியும் விட்டது. அடிமரத்தில் வைத்தான். நான்கு விரல் ஆழம் போயிருக்காது. கிறீச்சென்று ஒரு சத்தம், பொறி பறந்தது.

எங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தில் பேய் ஓட்டுவதற்கு உச்சிமுடியோடு சேர்த்து ஆணி அடித்த மரம் இதுதான் என்று அம்மா அப்போதுதான் வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள். எத்தனை பேய் என்று கேட்டேன். "அந்தக் காலத்துல யாரு கணக்கு வச்சா?"

செயினில் பாதிப் பல் போச்சு. அதற்கு யார் காசு கொடுப்பது என்பதில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என்னிடம் மட்டும் ஆளுக்கொரு தடவை போன் செய்கிறார்கள்.

பெரியவர் குனிந்து வெட்டுவாயைப் பார்த்தார். மரத்துக்குள் மிளகளவுக்கு ஒரு பளபளப்பு. நகத்தால் சுரண்டினார்.

"அசையல பாத்தியா. இந்த ஆணி எந்தக் கம்பெனின்னு விசாரிப்பா."